காகித வேஷமா, பெட்டி வேஷமா?

அக்டோபர் 31 இரவில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு அமெரிக்கப் பிள்ளைகள் வேஷம் கட்டும் விதத்தை இரண்டு நிறுவனங்கள் மாற்றிப்போட்டன. மாசசூசெட்ஸில் இருந்த டெனிசன் விற்றது காகிதம். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பென் கூப்பர் வேஷத்தையே தைத்து விற்றது.

டெனிசன் 1909-ல் 'போகி புக்' (பூதப் புத்தகம்) என்ற சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து ஆரஞ்சு, கறுப்பு கிரேப் காகிதத்தில் சூனியக்காரி, பூனை, பூசணிக்காய் என்று வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இழுத்தால் கொஞ்சம் நீளும் காகிதம் அது, தையல் மிஷினிலும் ஓட்டலாம். ஒரே படத்தைப் பார்த்துச் செய்தாலும் எதிர்வீட்டுப் பூனை வேறு, நம் வீட்டுப் பூனை வேறு. ஆனால் தூறல் பட்டால் சாயம் ஒழுகும். குடைந்து உள்ளே மெழுகுவத்தி ஏற்றிய பூசணிக்காய்ப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும். இது சின்னக் குறை இல்லை.

1930களில் வீடுவீடாக மிட்டாய் கேட்டுப் போகும் வழக்கம் பரவியது. இப்போது தெருவில் ஓடத் தாங்கும் வேஷம் வேண்டும். 1937-ல் தொடங்கிய பென் கூப்பர், டிஸ்னி கார்ட்டூன் பாத்திரங்களை வேஷமாக விற்கும் உரிமம் வாங்கி அங்கேதான் நுழைந்தது. கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த அட்டைப்பெட்டி, அதன் வழியே எட்டிப்பார்க்கும் பிளாஸ்டிக் முகம். முகமூடியின் இரு ஓரத்திலும் மெல்லிய எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டியிருப்பார்கள். மூச்சு விட ஊசித்துளை போல இரண்டு ஓட்டை. கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் ஈரமாகிவிடும். உடையோ முதுகில் முடிச்சுப் போடும் மெல்லிய அங்கி.

அந்த அங்கியின் மார்பில் அந்தப் பாத்திரத்தின் படத்தையும் பெயரையும் அச்சிட்டிருந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முகத்தில் கரி பூசிக்கொண்டு போனதே யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக. கதவைத் திறப்பவர் ஊகிக்க வேண்டும், அதில்தான் விளையாட்டே. பெட்டி வேஷம் ஊகிக்க ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

சரி, இன்னொரு பக்கமும் உண்டு. 1960களில் இந்தப் பெட்டி மூன்று டாலருக்குள் கிடைத்தது. தைக்கத் தெரியாத, நேரமில்லாத அம்மாவின் பிள்ளையும் ஆசைப்பட்ட வேஷத்தில் போக முடிந்தது. 1962-ல் காமிக்ஸில் வந்த ஸ்பைடர்மேனை 1963-லேயே பெட்டியில் அடைத்துவிட்டார்கள். அந்த வேகம் காகிதத்துக்கு வராது.

1982-ல் சிகாகோவில் டைலனால் என்ற வலி மருந்தின் கேப்சூலில் யாரோ விஷம் கலந்தார்கள். மிட்டாயிலும் விஷம் இருக்குமோ என்ற பீதியில், அந்த ஹாலோவீனுக்கு வேஷ வியாபாரம் படுத்தது. 1990களின் தொடக்கத்தில் ரூபீஸ் நிறுவனம் பென் கூப்பரை வாங்கிக்கொண்டது.

இன்று என்னைக் கேட்டால் டெனிசன் வழிதான். படத்தைப் பார்த்து வீட்டிலேயே செய்யுங்கள், காகிதத்துக்குப் பதில் எளிதில் தீப்பற்றாத துணியில். முகமூடி வேண்டாம், முகச்சாயம் போதும். இருட்டில் ரோட்டைக் கடக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரிய வேண்டும்.