ஸ்ப்ரேயா, சார்பிட்ரேட்டா? நாக்கடி மருந்தில் எது யாருக்கு

இதய நோயாளிகளின் மருந்துச் சீட்டில் கடைசி வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நெஞ்சு வலி வந்தால் மட்டும், நாக்குக்கு அடியில்." அதற்கு எதிரே சார்பிட்ரேட் 5 என்று எழுதுவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். இப்போது சிலருக்கு அதே இடத்தில் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே எழுதுகிறார்கள். விலையைக் கேட்டதும், "அந்தப் பழைய மாத்திரையே போதாதா சார்?" என்பார்கள். மருந்துக் கடையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்கிறவர் யார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

போட்டியில் இருப்பவை மூன்று. வாய்க்குள் அடிக்கும் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே, அதே மருந்தின் நாக்கடி மாத்திரை, அப்புறம் சார்பிட்ரேட் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த ஐசோசார்பைட் டைநைட்ரேட். மூன்றும் நைட்ரேட் என்ற ஒரே குடும்பம். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. முக்கியமாக சிரைகள் விரிவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது, வலி அடங்குகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் 1879-ல் ஆஞ்சைனா எனும் இதய வலிக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்ததைப் பற்றி எழுதினார். அது ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்கிய ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கிடைத்தது 1998-ல். டைனமைட்டில் இருப்பதும் இதே நைட்ரோகிளிசரின்தான். ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்கு இதை எழுதிக்கொடுத்தார்கள். "பாக்கெட்டில் வைத்தால் வெடிக்குமா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வெடிக்காது, அளவு அவ்வளவு சொற்பம். ஆனால் பல ஸ்ப்ரேக்களில் ஆல்கஹால் இருப்பதால் அடுப்புப் பக்கமோ பீடி, சிகரெட் பக்கமோ நின்று அடிக்கக் கூடாது.

வேகம்

நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரேயாகப் போனாலும் மாத்திரையாகப் போனாலும் 1 முதல் 3 நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும், ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்கும். சார்பிட்ரேட் நாக்கடியில் கரைந்து பிடிக்கக் கூடுதலாக இரண்டொரு நிமிடம் ஆகும், பிடித்தால் 1 முதல் 2 மணி நேரம் நிற்கும். கூட நேரம் நிற்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிரஷர் இறங்கித் தலை சுற்றினால் அதுவும் அவ்வளவு நேரம் நீடிக்கும். வலியில் துடிக்கிற மனிதருக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்ப்ரேயை நான் உயர்த்திப் பிடிப்பது வேகத்துக்காக இல்லை.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. ஸ்ப்ரேயில் ஒரு அழுத்துக்கு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். சார்பிட்ரேட்டில் 5 மில்லிகிராம். "இது பத்து மடங்குக்கு மேல் பவரா?" என்று கேட்பார்கள். இல்லை. வேறு மருந்து, வேறு கணக்கு. பயப்பட வேண்டியது சார்பிட்ரேட்டிலேயே 10 மில்லிகிராமும் இருக்கிறதே, அதற்குத்தான். தினமும் விழுங்குவதற்காக வாங்கிய 10-ஐ அவசரத்தில் நாக்கடியில் வைத்துக்கொண்டு, எழுந்து நடந்து, சுருண்டு விழுந்தவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறான தப்பும் அடிக்கடி நடக்கும்: நாக்கடியில் வைக்க வேண்டியதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுவது. விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், மிச்சமும் மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். ஒரே மாத்திரையை விழுங்கவும் சொல்கிறார்கள், நாக்கடியில் வைக்கவும் சொல்கிறார்கள் என்பது சார்பிட்ரேட்டின் பெரிய பலவீனம். ஸ்ப்ரேயை யாரும் விழுங்கப் போவதில்லை.

வெயில், பாட்டில், பஞ்சு

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும் சரக்கு. அதனால்தான் அந்த மாத்திரையைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில், உலோகத் தகடு வைத்த மூடி போட்டுத் தருகிறார்கள். உள்ளே பஞ்சு வைக்கக் கூடாது, பஞ்சு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றக் கூடாது, பிளாஸ்டிக்கும் உறிஞ்சும். பாட்டிலைத் திறந்த 8 வாரத்தில் மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு. அது குளிர் ஊர். நம் ஊர் மே மாதத்தில், சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு சூடாகச் சுற்றும் பாட்டில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நடைமுறையில் நான் பார்ப்பது இதைவிட மோசம். வாரத்துக்கு ஏழு கட்டம் உள்ள பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் ஒரு ஓரமாக, சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் இதுவும் கிடக்கும். எப்போது போட்டது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. "நாக்கில் வைத்தால் சுருக்கென்று இருந்தால் நல்ல மாத்திரை" என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதையும் நம்பக் கூடாது. சிலருக்கு வீரியமுள்ள மாத்திரையே சுருக்கென்று இருக்காது.

ஸ்ப்ரேயில் இந்தத் தலைவலி இல்லை. மருந்து மூடிய குப்பிக்குள் இருக்கிறது. திறந்த தேதி பார்த்து வாரக்கணக்கில் தூக்கிப் போட வேண்டியதில்லை, குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதிவரை தாங்கும். காருக்குள் வெயிலில் போட்டு வைக்காமல் இருந்தால் சரி. சார்பிட்ரேட்டும் இந்த விஷயத்தில் கெட்டியான மருந்துதான், பட்டையில் இருக்கும்வரை கவலை இல்லை. ஆகவே பாட்டில் மாத்திரை இந்தப் போட்டியிலிருந்து இங்கேயே வெளியேறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கை, வாய், இருட்டு

மாத்திரை கரைய எச்சில் வேண்டும். வயதானவர்களுக்கு வாய் வறண்டிருப்பது சகஜம். வலி வந்த பயத்தில் இன்னும் வறளும். அப்படிப்பட்டவர் சார்பிட்ரேட் வைப்பதானால் முதலில் ஒரு வாய் தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொள்வது நல்லது. ஸ்ப்ரே திரவமாகவே விழுவதால் எச்சிலுக்குக் காத்திருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல், கண்ணாடியைத் தேடாமல், நடுங்கும் விரலால் பட்டையைக் கிழிக்க வேண்டிய வேலையும் இல்லை.

ஆனால் ஸ்ப்ரேக்குப் பழக்கம் வேண்டும். புதிதாக வாங்கியதும் சில தடவை காற்றில் அழுத்தி பம்பை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதல் அழுத்தில் வெறும் காற்றுதான் வரும். பல வாரம் தொடாமல் வைத்திருந்தாலும் மறுபடி ஒரு தடவை காற்றில் அடிக்க வேண்டும். எத்தனை தடவை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். குப்பியை நிமிர்த்திப் பிடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி, அடியில் அடித்து, உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா இன்ஹேலர் பழகியவர்கள் கையில் இதைக் கொடுத்தால் தன்னாலேயே குலுக்கி, ஆழமாக மூச்சிழுத்து அடிப்பார்கள். இரண்டும் வைத்திருக்கும் ஒரு அம்மா, பையில் கைவிட்டால் எது எது என்று தெரியவில்லை என்றார். ஸ்ப்ரேயில் மட்டும் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தேன். அப்புறம் அவர் தடவிப் பார்த்தே எடுத்துவிடுகிறார்.

விலையில் சார்பிட்ரேட்டை யாரும் நெருங்க முடியாது. ஸ்ப்ரே பல மடங்கு. சின்ன ஊர்க் கடைகளில் ஸ்டாக் இல்லாமலும் போகும், சார்பிட்ரேட் இல்லாத கடையைப் பார்ப்பது அரிது.

யாருக்கு இரண்டுமே கூடாது

வயாகரா வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், டடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் எந்த வடிவத்திலும் கூடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கூச்சத்தால் இதை மனைவி முன்னால், மகன் முன்னால், ஏன், டாக்டர் முன்னாலும் ஆண்கள் சொல்வதில்லை. வாங்குவதும் தெரியாத ஊர்க் கடையில். கவுன்டரில் நானே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகச் சில்டெனாஃபில் சாப்பிடும் பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே விதிதான்.

மேல் பிரஷர் 90-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், பெருந்தமனி வால்வு மோசமாகச் சுருங்கியவர்களுக்கும், இதயச் சுவர் தடித்து ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டவர்களுக்கும் இது ஒத்துவராது. வலப்பக்க இதயத்தைத் தாக்கும் மாரடைப்பிலும் நைட்ரேட் பிரஷரைத் தடாலென்று இறக்கிவிடும், ஈசிஜி எடுக்காமல் அது தெரியாது. இதனால்தான் "நெஞ்சு வலித்தால் யாராக இருந்தாலும் சார்பிட்ரேட் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின். நைட்ரேட் அந்தப் பட்டியலில் இல்லை. அது வலியைக் குறைக்கும், ரத்தக் கட்டியை ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கி வைப்பதைவிட 108-ஐக் கூப்பிடுவது மேல்.

அந்த ஐந்து நிமிடம்

எதை வைத்திருந்தாலும் முறை ஒன்றுதான். முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஒரு டோஸ் எடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் 108. பிரிட்டனில் இரண்டாவது டோஸுக்கும் 5 நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் முதல் டோஸோடு சரி. நம் ஊர் டிராஃபிக்குக்கு அமெரிக்கக் கணக்கே சரி என்பேன். வண்டி வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக, 15 நிமிடத்தில் மொத்தம் 3 டோஸுக்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே வந்த வலி, வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, மூச்சு முட்டுவது என்றால் 5 நிமிடம்கூட வேண்டாம். பைக்கை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போகிற வீரமும் வேண்டாம்.

மருந்தில் வலி நின்றால் அது இதய வலிதான் என்று அர்த்தமில்லை. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் இந்த மருந்தில் தணியும். நிற்கவில்லை என்றால் "வெறும் கேஸ்" என்றும் அர்த்தமில்லை, இந்த இரண்டாவது கணக்குதான் ஆளைக் கொல்லும். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், மூளைப் பக்கக் குழாய்களும் விரிவதால் வருவது அது. வழக்கத்தைவிட அடிக்கடி மருந்து தேவைப்படுகிறது என்றால் மட்டும் டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு முன்னாலும் டாக்டர் சொன்னால் எடுக்கலாம். ஸ்ப்ரே என்றால் 5 நிமிடம் முன்பு, சார்பிட்ரேட் என்றால் கால் மணி நேரம் முன்பு. மாடிப்படி ஏறுவதற்கு இது சரி. பழனிப் படி ஏறுவதற்காக என்று கேட்டால், வின்ச் இருக்கிறதே என்பேன்.

மார்பில் ஒட்டும் நைட்ரேட் பட்டையும், தினமும் விழுங்கும் மோனோநைட்ரேட்டும் வலி வராமல் தடுப்பதற்கு. வந்த வலிக்கு அவை உதவாது.

என் கணிப்பு இதுதான். தனியாக இருப்பவர், வாய் வறள்பவர், கை நடுங்குபவர், ராத்திரியில் வலி வருபவர், இவர்களுக்கு ஸ்ப்ரேக்குக் கொடுக்கும் காசு வீணில்லை, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஒரு தடவைகூட வலி வராமல் இருப்பவர், வீட்டில் ஆள் இருப்பவர், விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவர், இவர்களுக்கு சார்பிட்ரேட் 5 தாராளமாகப் போதும். வீட்டில் ஸ்ப்ரே, வெளியே போனால் பர்ஸில் சார்பிட்ரேட் என்று இரண்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரே வலிக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு மாத்திரையும் வைத்தால் அது இரண்டு டோஸ். 15 நிமிடத்துக்கு 3 என்ற கணக்கில் இரண்டும் சேர்த்தே எண்ண வேண்டும், 108-ல் வருபவர்களிடமும் அப்படியே சொல்ல வேண்டும்.