பச்சைக் குழந்தைக்கு ஒரு தடித்த உடையா, இரண்டு மெல்லிய உடைகளா?

குழந்தை பிறந்ததும் பரிசாக வந்து குவிபவற்றில், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, கழுத்து முதல் பாதம் வரை மூடும் தடித்த உடை ஒன்றாவது நிச்சயம் இருக்கும். எங்களுக்கும் வந்தது. அதோடு முன்பக்கம் திறக்கும் மெல்லிய பருத்திச் சட்டைகளும் கால்சட்டைகளும் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தோம். இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். எனக்கு மெல்லிய துணிகளை அடுக்கிப் போடுவதுதான் சரி என்று படுகிறது.

பச்சைக் குழந்தை குளிர் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம்; வெப்பம் வேகமாக வெளியேறும். பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் உடலைச் சூடாக வைத்துக்கொள்கிறது. இதைக் கேட்டவுடன் தடித்த உடையை நோக்கித்தான் கை போகும். ஆனால் வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் திறனும் குழந்தைக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அளவு மீறிய சூடு, தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணத்தோடு தொடர்புடைய காரணிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அக்குளில் பார்த்தால் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஒரு டிகிரிதான் இடைவெளி. ஆகவே ‘எது அதிகம் சூடு தரும்’ என்று பார்ப்பதை விட, ‘எதைச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடியும்’ என்று பார்ப்பதே முக்கியம்.

தடித்த உடை இங்கேதான் தோற்கிறது. அதற்கு இரண்டு நிலைதான்: போட்டிருப்பது, கழற்றுவது. நள்ளிரவில் டயப்பர் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜிப்பைக் கழுத்திலிருந்து கீழே இழுத்தால் மார்பு, வயிறு எல்லாம் ஒரே நேரத்தில் காற்றுக்குத் திறந்துவிடும். மடங்கிக் கிடக்கும் காலை அந்தக் கனமான துணிக்குள்ளிருந்து உருவும்போது குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிடும்; அடுத்த நொடி வீறிடும். மெல்லிய உடை என்றால் கால்சட்டையை மட்டும் உருவினால் போதும், மேல்சட்டை அப்படியே இருக்கும். டயப்பர் ஓரத்தில் கசிந்திருந்தால் உள்சட்டையின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்து, நனைந்த ஒன்றை மாற்றிவிடலாம். பஞ்சு வைத்த உடையில் ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே கை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஈரத்துணி உடல் சூட்டை எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பதை நினைத்தால், சூட்டுக்காகப் போட்ட உடையே குளிர வைக்கும் வேடிக்கை புரியும்.

சோதித்துப் பார்ப்பதிலும் இதே கதைதான். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதறி இன்னொரு துணியைப் போடுவது வழக்கம். அது சரியான அளவுகோல் அல்ல. முதல் நாட்களில் உள்ளங்கையும் பாதமும் குளிர்ந்து, லேசாக நீலம் பாரிப்பதுகூட இயல்புதான் (உதடும் நாக்கும் நீலமானால் அது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்). பார்க்க வேண்டிய இடம் பிடரியும் மார்பும். அங்கே வியர்வை பிசுபிசுத்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். குளிர்ந்திருந்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மெல்லிய சட்டைக்குள் இரண்டு விரல்கள் எளிதாக நுழையும். காலர் உயர்ந்த தடித்த உடையில் குழந்தையை எழுப்பாமல் பிடரியைத் தொடுவது என் கைக்கு வரவில்லை. நமக்கு வசதியாக இருக்கும் உடையை விட ஓர் அடுக்கு கூடுதல் என்ற கணக்கு தொடங்குவதற்கு நல்லது. ஆனால் வெக்கையான அறையில் அந்தக் கூடுதல் அடுக்கு வேண்டாம். பிடரி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தடித்த உடைக்கும் ஒரு நியாயம் உண்டு. குளிர்காற்றில் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்போது அது போல வேறெதுவும் காற்றைத் தடுக்காது. ஆனால் காரில் ஏறியவுடன் கழற்றிவிட வேண்டும். அந்தத் தடிமன் அமுங்குவதால் குழந்தை இருக்கையின் பட்டை இறுகியது போலத் தெரிந்தாலும் உண்மையில் தளர்ந்தே இருக்கும். பட்டையை மாட்டிய பிறகு மேலே போர்த்திவிட்டால் போதும். வீட்டுக்குள் வந்ததும், தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, தடித்ததைக் களைய வேண்டும். தூங்க வைக்கும்போது தொப்பியும் வேண்டாம். தலை வழியாகத்தான் கணிசமான சூடு வெளியேறுகிறது; அதை மூடினால் உடல் அளவு மீறிச் சூடாகிவிடலாம்.

துணியில் சுற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திடுக்கிடுவது குறைகிறது, தூக்கம் நீள்கிறது. சுற்றும் துணியையும் ஓர் அடுக்காகக் கணக்கில் சேர்க்க வேண்டும், இடுப்புப் பக்கம் தளர்வாக விட வேண்டும், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.

உண்மையான போட்டி தூக்கப் பையிடமிருந்துதான் வருகிறது. கைகளை வெளியே விட்டு உடலை மூடும் இந்தப் பை இருந்தால் படுக்கையில் தளர்ந்த போர்வையே தேவையில்லை. முகத்தில் ஏறி மூடிவிடுமோ என்ற பயமும் இல்லை. எவ்வளவு சூடு காக்கும் என்பதற்கு டாக் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள்: 0.5 வெக்கைக்கு, 2.5 குளிருக்கு. இதை மெல்லிய உடைக்கு எதிரியாக நான் பார்க்கவில்லை. அதன் மேல் போடும் கடைசி அடுக்காகத்தான் பயன்படுத்தினோம். கழுத்து வளையம் பெரிதாக இருந்தால் தலை உள்ளே சரியும் என்பதால் அளவில் மட்டும் சமரசம் கூடாது. எடை வைத்துத் தைத்த பைகளை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2022இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்புப் பரிந்துரையிலேயே வேண்டாம் என்கிறது.

நான் சொல்வதெல்லாம் நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் கணக்கே வேறு. அறைக்குள்ளேயே உறையும் குளிரில் குழந்தை வளர்த்த அனுபவமும் எனக்கு இல்லை. அங்கே பருத்தி அடுக்குகள் மட்டும் போதுமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், உடை அதிகமாகிவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுதான். தலை வழியாக மாட்டும் சட்டைகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் முழுவதும் திறந்து அழுத்தும் பொத்தானால் மூடுபவற்றை எடுங்கள். உள்ளே போடுவது உடலை ஒட்டியும், வெளியே போடுவது ஓர் அளவு பெரிதாகவும் இருக்கட்டும்; ஒரே அளவில் இரண்டு எடுத்தால் வெளிச்சட்டையின் கை ஏறாது.