கிட்ஹப்பைத் திறந்துவிட: டோக்கனா, ஆப் அனுமதியா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: ஏஐ செயலிக்கு கிட்ஹப் (கோட் சேமித்துவைக்கும் தளம்) கணக்கைத் திறந்துவிட பெர்சனல் ஆக்சஸ் டோக்கன் (கடவுச்சொல் போலப் பயன்படும் நீண்ட குறியீடு) எடுப்பதா, கிட்ஹப் ஆப் (செயலி எழுதுபவர் கிட்ஹப்பில் பதிவுசெய்யும் இணைப்பு) வழியாக அனுமதி கொடுப்பதா?

டோக்கன் சுலபம். செட்டிங்ஸில் உருவாக்கி, நகலெடுத்து ஒட்டினால் சரி. ஆனால் பழைய வகையான கிளாசிக் டோக்கனில் ‘ரெப்போ’ (கோட் களஞ்சியம்) கட்டத்தில் டிக் போட்டால், உங்கள் கைக்கு எட்டும் எல்லா பிரைவேட் ரெப்போக்களும் அதற்குத் திறந்துவிடும். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்குச் செய்துகொடுத்த பில்லிங் மென்பொருளும் அதில் அகப்படும். அது வாடிக்கையாளரின் கோட். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். புதிய வகையான ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் எவ்வளவோ மேல்: ரெப்போவைத் தேர்ந்தெடுக்கலாம், காலாவதியும் வைக்கலாம்.

ஆப் வழியில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. கிட்ஹப்பின் பக்கமே திறந்து, எந்த ரெப்போவைக் கொடுப்பது என்று கேட்கும். செயலி என்னென்ன உரிமை கேட்கிறது என்பதையும் காட்டும். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) ஓடும் கருவி என்றால் 8 எழுத்துக் குறியீடு ஒன்று வரலாம். அதைக் கைபேசியிலேயே கிட்ஹப் பக்கத்தில் 15 நிமிடத்துக்குள் அடித்து முடிக்கலாம். இவ்வழியில் செயலிக்குத் தானாகக் கிடைக்கும் பயனர் டோக்கன் வழமையாக 8 மணித்தியாலத்தில் காலாவதியாகும், அப்புறம் செயலி தானே புதுப்பித்துக்கொள்ளும். செயலி எழுதுபவருக்குத்தான் வேலை கூட.

சொந்த மடிகணினியில் ஓடும் சோதனை ஸ்கிரிப்டுக்கு ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் போதும். அடுத்தவர் கணக்கைத் தொடும் செயலி என்றால், சோம்பல்படாமல் ஆப் வழியிலேயே கட்டுங்கள்.