கரோ-கானா, பெர்லினா? சென்னையில் டிரா ஆன இரண்டு ஆட்டங்கள்

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியில் ஆனந்த் முதல் இரண்டு முறை வெள்ளைக் காய்களோடு ஆடியபோது, ராஜாவின் காலாளை இரண்டு கட்டம் தள்ளித்தான் தொடங்கினார். இரண்டாம் ஆட்டத்தில் எதிராளி கார்ல்சனின் பதில் கரோ-கான், நான்காம் ஆட்டத்தில் பெர்லின்; இரண்டும் கறுப்புக் காய்களுக்கான தொடக்க முறைகள். இரண்டுமே டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. கறுப்புக்கு எதைப் படிப்பது என்று குழம்புகிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை பலகையில் ஆடிப் பார்க்க வேண்டும்.

கரோ-கானில் காலாள்கள் கட்டுக்கோப்பாக நிற்கும், மந்திரியும் அடைபடாமல் வெளியே வந்துவிடும். இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்த் ராணி பக்கமும் கார்ல்சன் ராஜா பக்கமும் கோட்டை கட்டினார்கள் (ராஜாவை ஓரமாக நகர்த்தி, யானையை அதன் பக்கத்தில் நிறுத்துவது). வழக்கமாக இதற்கப்புறம் அடிதடிதான். ஆனால் கார்ல்சன் 17-ஆவது நகர்த்தலில் ராணியை நடுப்பலகைக்குக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார். ஆனந்த் தன் ராணியை ஒதுக்கிச் சண்டைக்குப் போயிருக்கலாம், ஆனால் ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டார். வெள்ளை யானையும் கறுப்பு ராஜாவும் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்வர, 25 நகர்த்தலில் டிரா.

பெர்லினில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டவே முடியாது, கறுப்பின் இரண்டு காலாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நிற்கும். பதிலுக்கு இரண்டு மந்திரிகளும் கையில் இருக்கும். 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக் இதை வைத்துத்தான் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவைக் கட்டிப்போட்டார். அந்தப் போட்டியில் காஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை.

பார்க்கச் சப்பென்று இருக்கும் இந்த நிலையில்தான் நான்காம் ஆட்டத்தின் 18-ஆவது நகர்த்தல் வந்தது. கார்ல்சனின் மந்திரி நேராகப் போய் ஏ2 காலாளைத் தின்றது. பக்கத்துக் காலாளை ஆனந்த் ஒரு கட்டம் நகர்த்தியதும் மந்திரிக்கு வழி அடைபட்டது. உடனே கார்ல்சன் தன் காலாளை முன்னே தள்ளிக் கதவைத் திறந்தார். அப்புறம் ஒரு காலாள் குறைவாக, வெள்ளையாக இருந்தும் ஆனந்த்தான் தற்காத்து ஆட வேண்டியிருந்தது. 64 நகர்த்தல் வரை போராடிக் காப்பாற்றினாரே, அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த தற்காப்பு அதுதான்.

எனவே என் ஓட்டு பெர்லினுக்கு. இறுதியாட்டம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) பழகாதவர்களுக்குக் கரோ-கான் போதும். ஒரு விஷயம்: வெள்ளை நினைத்தால் பெர்லினில் ராணி வெட்டைத் தவிர்க்கலாம். ஆறாம் ஆட்டத்தில் ஆனந்த் அப்படித்தான் ஆடினார். யானை இறுதியாட்டம் வரை இழுத்துப்போய் 67 நகர்த்தலில் கார்ல்சன் ஜெயித்தார்.