சிமெந்துத் தரையில் மீன்தொட்டித் தாங்கி: ஆப்பா, திருகுக்காலா, அறுப்பா, சாந்தா?

நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில், மேல்விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கும்படி தண்ணீர் நிரப்பினால் அது ஏறத்தாழ 225 லீற்றர் கொள்ளும். லீற்றருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் தண்ணீர், 8 மில்லிமீற்றர் கண்ணாடி, அடியில் பரப்பும் இரண்டு அங்குலக் கூழாங்கல் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் 300 கிலோவை எட்டிவிடும். ஐம்பது கிலோ சிமெந்துப் பைகள் ஆறினை ஒரு மேசையின் மேல் அடுக்கி, ஆண்டுக்கணக்காக அப்படியே விடுவதற்கு ஒப்பான சுமை இது. வீட்டில் நாமே செய்த தாங்கி இந்தச் சுமையைத் தாங்குமா என்று எல்லோரும் யோசிக்கிறோம். தாங்கியின் நான்கு கால்களும் தரையை ஒரே அளவில் அழுத்துகின்றனவா என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. என் முதல் தொட்டியின் மூலை கசிந்தது இந்த இரண்டாவது காரணத்தால்தான்.

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் எங்கள் வீட்டு மண்டபத்தின் தரை, அப்பா காலத்தில் சிவப்புச் சாந்து பூசி மெழுகியது. கழுவிவிடும் தண்ணீர் வாசல் பக்கம் ஓடவேண்டும் என்பதற்காக அதற்கு ஒரு சரிவு கொடுத்திருக்கிறார்கள். கல்முனையில் தங்கையின் வீட்டிலோ பளபளக்கும் டைல்ஸ். இந்த இரண்டு தரைகளிலும் தாங்கி வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

ஒப்பீட்டுக்கு முன் இரண்டு குறைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று சாய்வு, மற்றது முறுக்கு. தாங்கி முழுவதும் ஒரு பக்கம் 6 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால், தாழ்ந்த முனையில் தண்ணீரின் ஆழமும் அதனால் வரும் அழுத்தமும் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகவே கூடும். கண்ணாடிக்கு அது பெரிய விடயமல்ல, தண்ணீர்க் கோடு சரிந்து தெரிவது கண்ணுக்குத்தான் உறுத்தும். ஆனால் மூன்று கால்கள் தரையில் ஊன்றி நான்காவது கால் 2 மில்லிமீற்றர் அந்தரத்தில் நின்றால், தண்ணீர் ஏற ஏற அந்தக் கால் கீழே இறங்கும். மேற்பலகை மூலைக்கு மூலை முறுகும். கண்ணாடி வளைய மறுக்கும். அந்த இழுவை முழுவதும் சிலிக்கோன் ஒட்டுகளில் போய் விழும். மண்தரை என்றால் அழுந்தும் கால்களுக்கு அடியில் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமெந்தும் டைல்ஸும் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடா. எனவே எந்த வழியையும் “மட்டக்கருவியின் குமிழ் நடுவில் நிற்கிறதா” என்று மட்டும் கேட்டு மதிப்பிடக் கூடாது. “நான்கு கால்களும் சுமக்கின்றனவா” என்பதே முதல் கேள்வி.

அளப்பதற்கு மேசன்மார் வைத்திருக்கும் குமிழ் மட்டம் போதும். ஆனால் அதை ஒரு முறை வைத்துப் பார்த்த பிறகு முனைக்கு முனை திருப்பி வைத்தும் பார்க்கவேண்டும். இரண்டு தடவையும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால்தான் அந்தக் கருவி நம்பத்தக்கது. அதைவிட எனக்குப் பிடித்தது தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாய். உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால், எவ்வளவு தூரத்துக்கும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதற்குப் பழுதாக எதுவும் இல்லை. எங்கள் மண்டபத்தில் பின்பக்கச் சுவர் மூலைக்கும் வாசல் பக்க மூலைக்கும் இடையே 7 மில்லிமீற்றர் வித்தியாசம் இருப்பதை இந்தக் குழாய்தான் காட்டியது.

காசில்லாத ஒரு வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை முயலாமல் ஹாட்வெயார் கடைக்கு ஓடுகிறவர்களே அதிகம். தாங்கியை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஓர் அடி இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள். தரையிலும் குறை இருக்கிறது, நாம் அறுத்த கால்களிலும் குறை இருக்கிறது; ஒரு திசையில் இரண்டும் கூடும், மறு திசையில் ஒன்றையொன்று கழித்துவிடும். கல்முனையில் ஆட்டம் பாதியாகக் குறைந்தது வெறும் திருப்பலால்தான்.

மீதமுள்ள குறைக்கு எளிய வழி ஆப்பு, அதாவது குறைந்த காலின் அடியில் எதையாவது செருகுதல். இங்கே “எதையாவது” என்பதுதான் ஆளைக் கெடுக்கும். நான் முதலில் வைத்தது மடித்த காட்போட். வைத்த அன்று தாங்கி அசையவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தரை துடைக்கும் ஈரத்தில் அது ஊறி, ஒரு காலுக்குரிய 75 கிலோ சுமையின் கீழ் தட்டையாகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் மூலை ஒட்டிலிருந்து நீர் கசியத் தொடங்கியது. மெல்லிய பிளைவூட் துண்டு இதைவிட மேல், என்றாலும் சாதாரணப் பிளைவூட் நனைந்தால் அதன் அடுக்குகள் பிரியும். கூரான மர ஆப்பைச் சுத்தியலால் தட்டிச் செருகுவதில் வேறொரு குறை இருக்கிறது: கால் முழுவதும் ஆப்பின் ஒரு விளிம்பில் மட்டும் குந்தும். இரண்டு அங்குலச் சதுரக் கால் தட்டையாக நின்றால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தொட்டால் அதுவே 15 கிலோ.

ஆப்புக்கு ஏற்றவை நீர் குடிக்காத, அழுந்தாத, தட்டையான தகடுகள்: கல்வனைஸ் தகரம், அலுமினியத் தகடு, கடினமான பிளாஸ்டிக். அவற்றைக் காலின் அளவுக்கே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் சேர்க்கவேண்டும். இடைவெளி எவ்வளவு என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காலாவதியான வங்கி அட்டை 0.76 மில்லிமீற்றர், பழைய சீடி 1.2 மில்லிமீற்றர், இழுப்பறையில் கிடக்கும் எக்ஸ்றே பிலிம் கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. இவற்றை மாறிமாறிச் செருகிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். எக்ஸ்றே பிலிமைத் துண்டாக்கி இறுதி நுண்திருத்தத்துக்கே பயன்படுத்தலாம், அது ஊறாது. தகடு வழியின் பலம், செலவின்மையும் பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதியும். பலவீனம், 5 மில்லிமீற்றருக்கு மேல் அடுக்கு உயர்ந்தால் பார்வைக்கு அசிங்கமாவதும், துடைப்பம் பட்டால் மெல்ல நகர்வதும்.

திருகுக்கால் என்பது காலின் அடியில் நட் ஒன்றைப் பொருத்தி, அதில் போல்ட்டைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைப்பது. பொக்ஸ் பாரில், அதாவது சதுர இரும்புக் குழாயில், வெல்டிங் செய்த இரும்புத் தாங்கிகளுக்கு இது இயல்பாகவே பொருந்தும். துல்லியத்தில் இதை வேறெதுவும் நெருங்காது: 12 மில்லிமீற்றர் போல்ட்டின் சாதாரணப் புரி ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர் ஏறும், ஆகவே கால் சுற்றுக்கு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. சரிவு அதிகமுள்ள தரைகளில் ஆப்பைத் தேடி அலைவதைவிட இது மிகவும் நிம்மதி. என்றாலும் போல்ட்டின் தலையைத் தலைகீழாக அப்படியே டைல்ஸில் ஊன்றிவிடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அந்தத் தலையின் அகலம் 19 மில்லிமீற்றர் அளவுதான். முழுச் சுமையில் சதுர சென்ரிமீற்றருக்கு 25 கிலோவுக்கு மேல் அழுத்தும். டைல்ஸின் அடியில் சாந்து நிறைந்திருந்தால் அது தாங்கிக்கொள்ளும். மூலைகளில் மட்டும் சாந்தை அப்பி ஒட்டிய டைல்ஸ் என்றால் நடுவில் வெற்றிடம் இருக்கும். அங்கே கால் விழுந்தால் வெடிப்பு நிச்சயம். நாணயமொன்றால் தட்டிப் பார்த்தால் வெற்றிடமுள்ள இடம் பானைபோல் ஒலிக்கும். தங்கை வீட்டில் ஒரு காலுக்குரிய இடம் அப்படித்தான் ஒலித்தது. தாங்கியையே அரை அடி தள்ளி வைத்தோம். போல்ட்டின் தலைக்கடியில் இரண்டு அங்குல அகலமுள்ள கனத்த இரும்புத் தகடும், அதற்கும் தரைக்கும் இடையே மெல்லிய கடின றப்பரும் கட்டாயம் வேண்டும்.

திருகுக்காலில் இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. போல்ட்டை ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே இறக்கினால் தாங்கி பக்கவாட்டில் ஆடும்; சிறுபிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் இது விளையாட்டான விடயமல்ல. அடுத்தது உப்புக்காற்று. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரை கடலும் வாவியும் இருபுறமும் நெருங்கிய நிலத்தில் திறந்த இரும்பு எதுவும் தப்புவதில்லை. கிறீஸ் பூசாத புரி ஒரு மாரிக்குப் பிறகு இறுகிப்போகும், அப்போது திருத்தும் வசதி என்ற அதன் தலையாய பலமே போய்விடும். மரத் தாங்கிக்கு இவ்வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. இரண்டு அங்குல மரக்காலின் அடியில் நெடுக்காகத் துளையிட்டு நட் இறக்கினால், சுமை அந்தத் துளையைச் சுற்றிப் பிளவைத் தேடும்.

மரத் தாங்கிக்கு எங்கள் ஊர் ஓடாவிமார் (தச்சர்கள்) செய்யும் வழி அறுப்பு. தாங்கியை அது நிற்கவேண்டிய இடத்திலேயே வைத்து, தற்காலிகமாகத் துண்டுகள் செருகி மேற்பலகையை மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு, மிகப் பெரிய இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த ஒரு பலகைத் துண்டைத் தரையில் தட்டையாக வைத்து, அதன்மேல் பென்சிலைக் கிடத்தி, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கீறுவார்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் தரையின் சரிவு அப்படியே கால்களின் அடியில் பதிந்துவிடும். முதிரை மரக் கால்களில் ஒரு பழகிய கை இதைச் செய்து முடித்தபோது, காலுக்கும் தரைக்கும் இடையே எக்ஸ்றே பிலிம்கூட நுழையவில்லை. தட்டையான முழுத் தொடுகை, உறுத்தாத தோற்றம், நகராத ஊன்றல் ஆகிய மூன்றிலும் இதுவே முதலிடம். விலை என்னவென்றால், அந்தத் தாங்கி அந்த இடத்துக்கு மட்டுமே உரியதாகிவிடும். வீடு மாறினால், சுவர் மாறினால், மறுபடியும் அறுக்கவேண்டும், அறுத்ததை ஒட்டமுடியாது. அறுத்த அடிப்பக்கம் நீரை உறிஞ்சும் முனை என்பதால் அதற்கு இரண்டு பூச்சு எனாமல் பெயின்ற் அடித்து, காய்ந்த பிறகே நிறுத்தவேண்டும்.

சாந்துப் படுக்கையைச் சிலர் மிகவும் உறுதியான வழி என்று சொல்வார்கள். தாங்கி கால்களில் நிற்காமல், அடிச்சட்டம் முழுவதும் தரையில் படியும் பெட்டிபோன்ற அமைப்பாக இருந்தால் அது உண்மைதான். தரையில் பொலித்தீன் விரித்து, ஒரு பங்கு சிமெந்தும் மூன்று பங்கு ஆற்றுமணலும் கலந்த சாந்தைப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே சட்டத்தை அழுத்தி மட்டம் பார்த்து, ஒரு வாரம் இறுகவிட்டால் சட்டத்தின் ஒவ்வோர் அங்குலமும் தாங்கப்படும். கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. அதன் உப்பு இரும்பை அரிக்கும். நான்கு கால் தாங்கிக்கு இது வீண் வேலை. மெல்லிய விளிம்பில் சாந்து பொடிந்து உதிரும், சிவப்புச் சாந்துத் தரையில் கறை நிற்கும்.

ரெஜிபோமை, அதாவது பொதி கட்டப் பயன்படும் வெள்ளை நுரைப் பலகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அது தொட்டிக்கும் மேற்பலகைக்கும் இடையில் வைப்பதற்குரியது. அடிக்கண்ணாடி நேரே பலகையில் அமரும் சட்டமில்லாத தொட்டிகளுக்கு, மணற்துகள், ஆணித்தலை போன்ற சிறு மேடுகளை அது விழுங்கிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிகளுக்கு அது வேண்டாம். தரையின் சரிவையும் தாங்கியின் முறுக்கையும் அது திருத்தாது. கால்களின் அடியில் வைத்தால் காட்போட் கதையே திரும்பவும் நடக்கும்.

எனவே என் தெரிவு தாங்கியின் பொருளைப் பொறுத்தது. மரம் என்றால், இடம் நிலையானதாக இருக்கும்போது அறுப்பு. வாடகை வீடு அல்லது இன்னும் முடிவாகாத இடம் என்றால் தகடு. இரும்பு என்றால், அகலத் தகடு வைத்த திருகுக்கால். ஆறு கால் தாங்கியில், எந்த வழியானாலும், நான்கு மூலைகளையும் முடித்த பிறகே நடுக்கால்கள் இரண்டையும் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் கொண்டுவரவேண்டும். நடுக்காலை ஒரு சொட்டுக் கூடுதலாக உயர்த்தினால் தாங்கி தராசுபோல் அதன்மேல் குந்திவிடும்.

எங்கள் மண்டபத்தில் இப்போது நிற்பது அறுத்த மரத் தாங்கி. தொட்டியை வைத்ததும் ஒரு தாளைக் கால்களின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, நான்கு மூலைகளிலும் தண்ணீர்க் கோட்டைக் கண்ணாடியில் பேனையால் குறித்து, ஓர் இரவு விட்டேன். காலையில் வாசல் பக்க மூலையில் மட்டும் கோடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக விலகியிருந்தது. தண்ணீரை முழுவதும் இறைத்த பிறகு, தங்கையின் கணவர், என் மச்சான், தாங்கியின் அந்த மூலையைத் தூக்கிப் பிடிக்க, எக்ஸ்றே பிலிம் துண்டு இரண்டை உள்ளே வைத்தேன். நிறைந்த தொட்டியுடன் ஒருபோதும் அப்படிச் செய்யக்கூடாது. இரண்டாம் தடவை கோடு விலகவில்லை. அன்று மாலையே முழுவதும் நிரப்பினோம்.