பழைய எம்எக்ஸ்-5க்கு பக்கெட் சீட்: சீட்டுக்கு நாலரை ஸ்டார், அடிச்சட்டத்துக்கு ரெண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடம்பை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற இந்தப் பந்தய சீட்டில் பெரிய குறை எதுவும் இல்லை. என்னைப் பாடாய்ப்படுத்தியது எல்லாம் அதற்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரங்கள். இணையத்தில் சீட்டின் விலையை மட்டும் பார்த்துவிட்டு கூடையில் போடு என்று அமுக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

கார் 1992 ஈனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறைக்கு ஜப்பானில் அந்தப் பெயர், அமெரிக்காவில் மியாட்டா. இங்கே இங்கிலாந்தில் ஓடுகிற பழைய எம்எக்ஸ்-5களில் நிறைய ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவைதான், அவர்களுக்கும் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் தொல்லையில்லை. 1.6 லிட்டர் என்ஜின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, ஓட்ட அவ்வளவு சுகம். ஆனால் நான் 183 சென்டிமீட்டர். பழைய சீட்டில் உட்கார்ந்தால் முன்கண்ணாடியின் மேல்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேராக நிற்கும், சிக்னல் விழுந்ததா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தய டிராக்கில், சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட விடுகிற டிராக் நாள் ஒன்றில் ஓட்டியதுதான் வினை. அங்கே முதல் வளைவு பேடக் ஹில், வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி சரியும். பழைய சீட்டில் பக்கப் பிடிமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இடது முழங்காலை நடுவில் மேடாக ஓடுகிற கியர் சுரங்கத்தில் முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டினேன். அந்தச் சுற்றில் வலது வளைவுகள்தான் அதிகம். மறுநாள் முழங்கால் நாவல்பழ நிறத்தில் இருந்தது. இது போதாதென்று, ரோல் பாருக்கும் (கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கிற கம்பி வளைவு) முன்கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குச்சி வைத்து, தலை அதற்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்தபோது ஹெல்மெட் முட்டியது, குனிந்து உட்கார்ந்து ஒருமாதிரி ஒப்பேற்றினேன். ஆக எனக்குத் தேவை ரெண்டு: பிடிமானம், உயரக் குறைவு.

முதலில் செய்த முட்டாள்தனம், அரைவிலைக்குக் கிடைக்கிறதே என்று யாரோ ஓட்டிக் கழித்த பக்கெட் சீட் ஒன்றை வாங்கியது. என் இடுப்பை அளந்தேன், சீட்டின் உள் அகலத்தை அளந்தேன், காரை அளக்கவில்லை. கியர் சுரங்கத்துக்கும் கதவுப் பக்கத்துக்கும் நடுவே என் டேப்பில் வந்தது 50 சென்டிமீட்டர் சொச்சம்தான். அந்த சீட் கீழே உட்கார்ந்தது, ஆனால் தோள்பட்டை இறக்கை கதவில் இடித்து, கதவு சாத்தவே மறுத்தது. போதாக்குறைக்கு முதுகில் இருந்த எஃப்ஐஏ (உலக கார் பந்தய அமைப்பு) லேபிளும் காலாவதி. 8855-1999 தர சீட்டுக்குத் தயாரித்த வருடத்திலிருந்து 5 வருடம்தான் கணக்கு. டிராக் நாளுக்கு யாரும் அதைக் கேட்பதில்லை, பந்தயத்தில் இறங்கினால் கேட்பார்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தேன், நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

ரெண்டாவது முறை ஒழுங்காகக் கடைக்கே போய், நாலு சீட்டில் ஏறி ஏறி உட்கார்ந்து பார்த்து, குறுகலான ஃபைபர்கிளாஸ் சீட் ஒன்றைப் புதிதாக எடுத்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்க வைத்திருக்கிற கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். பழைய சீட் பதினஞ்சரை கிலோ, புதுசு ஏழு. அடடா என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் சீட்டைத் தரையோடு பிணைக்கிற பக்கவாட்டுத் தகடுகளும் அடிச்சட்டமும் வந்து சேர்ந்தன, அவையே மூன்றரை கிலோ. மிச்சம் அஞ்சு கிலோ. அதை ஒரு மாதம் பரோட்டாவை நிறுத்தியே குறைத்திருக்கலாம்.

இப்போது அந்தச் சட்டம். எம்எக்ஸ்-5க்கென்றே செய்தது என்று சொல்லித்தான் விற்றார்கள், பெயர் வேண்டாம். தகடு 3 மில்லிமீட்டர் எஃகு, எஃப்ஐஏ விதியும் எஃகுக்குக் குறைந்தது அதைத்தான் கேட்கிறது, அதில் சரி. ஆனால் நாலு துளையில் மூன்று நேராக உட்கார்ந்தன, நாலாவது அரை விரல் தள்ளி நின்றது. போன் செய்தால், மற்ற மூன்றையும் லூசாக வைத்துக்கொண்டு நெம்புங்கள் என்று பதில். என் நண்பன் வெல்டிங் தெரிந்தவன், அவனிடம் காட்டினேன். “மச்சான், நெம்பினா அந்த போல்ட் எப்பவும் இழுபட்டுக்கிட்டேதான் நிக்கும்”னு சொல்லி, துளையை அடைத்து வெல்டு வைத்து, சரியான இடத்தில் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். தரையில் புதிதாக எதையும் துளைக்க விடவில்லை. அடியில் என்ன குழாய் ஓடுகிறது என்று பார்க்காமல் துளைக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைத் தொடவே கூடாது, அதற்கு அந்தப்பக்கம்தான் பெட்ரோல் டேங்க்.

சீட்டை முன்னும் பின்னும் தள்ள உதவுகிற ஸ்லைடர் தண்டவாளம் போடவில்லை. போட்டால் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏறிவிடும், பாடுபட்டதெல்லாம் வீண். ஆனால் இதில் ஒரு தொல்லை யாருமே எனக்குச் சொல்லவில்லை. பழைய சீட்டை முன்னே தள்ளினால் பின் போல்ட் தெரியும், பின்னே தள்ளினால் முன் போல்ட் தெரியும். அசையாத சீட்டில் அந்த வசதி கிடையாது. தகடுகளை வெளியே வைத்தே சீட்டில் எம்8 போல்ட்டால் மாட்டி, மொத்தமாக உள்ளே இறக்கி, பின் போல்ட்டைச் சீட்டுக்கு அடியில் கைவிட்டு நீளமான எக்ஸ்டென்ஷனை வைத்துத் தடவித் தடவி முடுக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு நாற்பது நிமிடம். கை விரல் முட்டியில் தோல் போனது.

இதைவிட முக்கியம் பெல்ட். இந்தக் காரில் பெல்ட் கொக்கி தரையில் இல்லை, பழைய சீட்டின் சட்டத்தோடு மாட்டியிருக்கிறது. சீட்டைக் கழற்றினால் கொக்கியும் கூடவே போய்விடும். புதுச் சட்டத்தில் கொக்கிக்கு ஒரு துளை வைத்திருந்தார்கள், ஆனால் ரொம்ப மேலே. பெல்ட் சீட்டின் பக்கச் சுவரின் மேலே ஏறி, இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றின் குறுக்கே கிடந்தது. உட்கார்ந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும், சரியென்று ஓட்டிக்கொண்டு போய்விடுவோம். மோதினால் குடல் போய்விடும். கொக்கியைத் தாழ இறக்கி, அதற்கென்றே உள்ள 7/16 அங்குல உயர்பலம் போல்ட் போட்டு, பெல்ட்டைச் சீட்டின் பக்கத் துவாரம் வழியாக உள்ளே விட்ட பிறகுதான் தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் அது உட்கார்ந்தது. தயவுசெய்து ஒரே ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அடியில் எலும்பு தட்டுப்பட வேண்டும்.

ரெண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டுகிற பந்தய பெல்ட், அதாவது நாலுமுனை ஹார்னஸ், போடவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோள்பட்டி பின்னால் 45 டிகிரிக்கு மேல் சரியக் கூடாது, அதைக் கட்ட உருப்படியான குறுக்குக்கம்பி வேண்டும், ரோல் பார் இல்லாத திறந்த காரில் ஹார்னஸ் போட்டால் கவிழும்போது குனியக்கூட முடியாமல் நிமிர்ந்தே நசுங்குவோம். என்னிடம் ரோல் பார் உண்டு, இருந்தாலும் தெருவில் சந்திப்பில் எட்டிப் பார்க்க உடம்பு முன்னே வர வேண்டுமே. டிராக்குக்கு வேண்டுமானால் பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்று, பழைய கார் என்பதால் சீட்டுக்குள் ஏர்பேக் கிடையாது, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிற சென்சாரும் கிடையாது. புதுக் காரில் இதே வேலையைச் செய்தால் எச்சரிக்கை விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், அது தனித் தலைவலி. இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், நீங்களும் சொல்லிவிடுங்கள்.

பலன்? நாலரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறேன். சிக்னல் தெரிகிறது, குச்சி முட்டவில்லை. மறுபடி பேடக் ஹில் இறங்கியபோது முழங்கால் சும்மா இருந்தது, கை ஸ்டியரிங்கைத் திருப்புகிற வேலையை மட்டும் செய்தது, பின்சக்கரம் வழுக்கப்போவது புட்டத்தில் முன்கூட்டியே தெரிந்தது. ஒரே நாளில் ஆள் மாறிப்போனேன் என்று கதைவிட மாட்டேன், களைப்பு பாதியாகக் குறைந்தது, அது நிச்சயம். தெருவில் வேறு கதை. மெத்தை மெல்லிசு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வால் எலும்பு பேச ஆரம்பிக்கும். ஏறி இறங்குவது தண்ணீர்த் தொட்டிக்குள் காலை விடுகிற மாதிரி. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ஆசையாக ஏறி உட்கார்ந்துவிட்டார், இறக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. “பக்கெட்னா சும்மா பேருக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்டா” என்றார்.

டிராக் பக்கமே போகாதவர், உயரம்தான் பிரச்சினை என்றால், பழைய சீட்டின் உறையைப் பிரித்து ஸ்பாஞ்சைச் செதுக்குங்கள், காசே ஆகாது.

இடது பக்கம் பழைய சீட்டையே விட்டுவிட்டேன். என் காரில் பழைய சீட்டின் தலைச்சாய்வுக்குள் குட்டி ஸ்பீக்கர் உண்டு, என் பக்கத்து வயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிட்டதால் கூரையைத் திறந்துபோட்டு ஓட்டினால் எனக்குக் காற்றுதான் கேட்கிறது. மனைவி தலையை ஆட்டிக்கொண்டே வருகிறாள், என்ன பாட்டு ஓடுகிறது என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.