கரண்ட் போன இரவில் எந்த அலாரம் கைகொடுக்கும்? கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் ஓர் அலசல்

பெட்ரோல், கேஸ், கரி எரியும்போது வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. கடலூர், புதுச்சேரிப் பக்கம் அதைக் கண்டுபிடித்துக் கத்தும் அலாரம் வாங்கும் பேச்சை எடுத்தால், "இங்க என்ன குளிரா, ஹீட்டர் போட்டுக்கிட்டா படுக்கிறோம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. குளிர் நாடுகளில் இந்த அலாரத்துக்குக் காரணம் வீட்டைச் சூடாக்கும் பாய்லர். நமக்குக் காரணம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் பெட்ரோல் ஜெனரேட்டர்தான். வெளியே வைத்தால் நனையும், திருடு போகும் என்று அதைத் திண்ணைக்கோ மாடிப்படிக்குக் கீழேயோ நகர்த்திவிடுவார்கள். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்.

கையில் தூக்கிப்போகும் ஜெனரேட்டர் ஒன்றே நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடை வெளியிடலாம் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஏதாவது தெரியும்; தூங்குகிறவர் அப்படியே மயக்கத்துக்குப் போய்விடலாம். அதனால் கடையில் எந்த அலாரத்தைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கரண்ட் இல்லாமல், கதவையெல்லாம் சாத்திக்கொண்டு தூங்கும் இரவில் இது கத்துமா?

இந்தக் கேள்விக்கு முன்னால் முதலில் விழுவது, பிளக்கில் செருகும் வகை. பேட்டரி மாற்றும் தொல்லை இல்லை, பார்க்கவும் அழகு. ஆனால் கரண்ட் போனதும் அதுவும் அணைந்துவிடும். உள்ளே துணை பேட்டரி உள்ள மாடல் என்றால் பரிசீலிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளக் வகையில் இன்னொரு சிக்கல்: அது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது.

அடுத்தது, கேஸ் கசிவு அலாரம். "அதான் கிச்சன்ல ஒண்ணு மாட்டியிருக்கே" என்பவர்கள் நிறைய. அது சமையல் கேஸ் கசிந்தால் கத்தும்; எரிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடு அதற்குத் தெரியாது. மாட்டும் இடமும் வேறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் அந்த அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றைவிட ஒரு துளி லேசு, அறை முழுக்கக் கலந்துவிடும். எனவே இரண்டையும் போட்டியாகப் பார்ப்பதே தவறு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது.

புகை, கார்பன் மோனாக்சைடு இரண்டையும் ஒரே பெட்டியில் பார்க்கும் கூட்டு அலாரம் காகிதத்தில் நல்ல யோசனை. நம் வீட்டில் மிளகாய் தாளித்தால் கத்தும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்தும். மூன்றாவது வாரம் யாராவது ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிவிடுவார்கள். கழற்றியபின் இரண்டுமே இல்லை. தனி கார்பன் மோனாக்சைடு அலாரம் வெறும் புகைக்கு மசியாது. மூடிய அறையில் சாம்பிராணிக் கங்கு வைத்திருக்கும்போது அது கத்தினால் பொய் அலாரம் என்று ஒதுக்கவும் கூடாது. கரிக்கங்கு உண்மையாகவே இந்த வாயுவை விடும். குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தலைக்கு ஊற்றி, அறையைச் சாத்திப் புகை போடும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பேட்டரியில் மட்டும் ஓடும் தனி அலாரம். இங்கேதான் உண்மையான போட்டி. ஒன்று, டார்ச்சுக்குப் போடும் சாதாரண செல் போடுவது. இன்னொன்று, 7 அல்லது 10 ஆண்டுக்கு உள்ளேயே பேட்டரி வைத்து மூடியது. முதல் வகை விலை குறைவு, செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் புயல் இரவில் டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் செல் தேடும்போது கை போகும் முதல் இடம் இந்த அலாரம்தான். கடலோர உப்புக்காற்றில் செல் தொடும் ஸ்பிரிங் பச்சை பூத்துப்போவதும் உண்டு. மூடிய வகையில் இந்த இரண்டும் நடக்காது. வாங்கும்போது சில ஆயிரம் போகும்தான். உள்ளே இருக்கும் சென்சாருக்கும் ஆயுள் ஏறக்குறைய அத்தனை ஆண்டுதான் என்பதால், பேட்டரி முடியும்போது அலாரத்தையும் மாற்றும் காலம் வந்துவிடும். என் ஓட்டு இதற்கே. முதல் வகைதான் கட்டுப்படியாகும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. செல்லை எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு, பெயர் தெரியாத, பெரிய திரை வைத்த அலாரங்கள் வரிசையாக வரும். இவற்றிடம் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனின் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு இப்படிப்பட்ட மலிவு அலாரங்களைச் சோதித்தபோது, சில ஆபத்தான அளவிலும் ஒலிக்கவே இல்லை. அட்டையில் பார்க்க வேண்டியது தரக்குறி: ஐரோப்பிய வழியில் 'இ.என். 50291', அமெரிக்க வழியில் 'யு.எல். 2034'. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஐரோப்பியத் தரப்படி 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு வாயு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100ல் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300ல் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். அமெரிக்கத் தரம் 70 பி.பி.எம்.முக்கு 60 முதல் 240 நிமிடம் வரையும், 400க்கு 4 முதல் 15 நிமிடம் வரையும் அவகாசம் தருகிறது. இரண்டும் நம்பலாம், கிடைத்தால் ஐரோப்பியக் குறியே என் தேர்வு. சென்சார் 'எலக்ட்ரோகெமிக்கல்' (வேதிவினை மூலம் வாயுவை உணரும்) வகையா என்றும் பாருங்கள்.

புதுச்சேரியில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. வரும்போது ஒன்று வாங்கிவரச் சொன்னால் நல்லதுதான், ஆனால் எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். பிரான்சில் 2015 முதல் வீடுகளில் கட்டாயம் என்று ஆனது புகை அலாரம்தான். அது 'இ.என். 14604'. வெள்ளை வட்டமாக இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கடையில் எளிதில் கைக்குக் கிடைப்பதும் அதுதான்.

அளவைத் திரையில் காட்டும் மாடலா, வெறும் விளக்கு மாடலா? ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்குத் திரை உதவும். அபாய அளவு வருமுன்பே எண் ஏறுவதைப் பார்த்து இயந்திரத்தைத் தள்ளி வைக்கலாம். மற்றவர்களுக்கு விளக்கு போதும். போனுக்குச் செய்தி அனுப்பும் ஸ்மார்ட் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கரண்டோடு வைஃபையும் போய்விடும்.

மாட்டும் இடம்: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படுக்கும் அறையில், படுத்திருப்பவரின் மூச்சு மட்டத்தில். திரைச்சீலைக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வேண்டாம். கேஸ் கீசர் உள்ள வீட்டில் இரண்டாவது ஒன்று அதன் பக்கம் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகே மாட்டவே மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அந்த ஈய பேட்டரி விடும் ஹைட்ரஜனையும் இந்த சென்சார் கார்பன் மோனாக்சைடு என்று எடுத்துக்கொண்டு கத்தும். பெயின்ட், வார்னிஷ் அடிக்கும் நாட்களிலும் இப்படி நடக்கலாம். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள். அது ஒலியையும் பேட்டரியையும் சோதிக்கிறதே தவிர, சென்சார் வாயுவைப் பிடிக்கிறதா என்று சோதிப்பதில்லை. அதனால்தான் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மாற்ற வேண்டிய ஆண்டு முக்கியம்.

அலாரம் இருக்கிறது என்று ஜெனரேட்டரை உள்ளே ஓட்டக்கூடாது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் முற்றம் திறந்தவெளிதானே என்று அங்கே வைப்பார்கள். எல்லா அறைக் கதவும் திறப்பது அந்த முற்றத்துக்குத்தான். சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டுக்கும் புகை போகும்.

பெரும்பாலான மாடல்களில் நான்கு 'பீப்', ஒரு இடைவெளி, மறுபடி நான்கு என்றால் வாயு. நிமிடத்துக்கு ஒன்று என்றால் பேட்டரியோ ஆயுளோ முடிகிறது. நான்கு கேட்டால் எல்லோரையும் எழுப்பி வெளியே போய்விடுங்கள். தலை எண்ணிப் பார்த்தபின் 108. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, எங்கே போனாலும் ஜெனரேட்டர் ஓடியதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குடும்பமே வாந்தி எடுத்து வந்திருப்பதைப் பார்த்து, சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.